கோல்ஃப் ஆடியும் சர்க்கரை குறையவில்லை: வண்டியை விட்டு இறங்கலாமா, டாக்டர்?

நியூ ஜெர்சியிலிருந்து 57 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மென்பொருள் வேலை, பகல் முழுக்க நாற்காலி. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், இரவில் இன்னொரு மெட்ஃபார்மின், பி.பி.க்கு ஒரு மாத்திரை. எடை 82 கிலோ. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி போன தடவை 7.2, இப்போது 7.6. இடது முழங்காலில் வலி இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஆரம்பநிலைத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை தவறாமல் மூன்று நண்பர்களோடு 18 குழி கொண்ட முழுச் சுற்று கோல்ஃப் ஆடுகிறார். கோடையில் புதன்கிழமை மாலை இன்னும் 9 குழி. எல்லாமே பேட்டரி வண்டியில்தான். "வாரத்துக்கு ஆறு மணி நேரம் விளையாடுகிறேன், டாக்டரோ உடற்பயிற்சி போதாது என்கிறார். வீட்டில், 'கார்ல உட்கார்ந்து போறீங்க, அங்கே போய் வண்டியில உட்கார்றீங்க, மறுபடி கார்ல உட்கார்ந்து வர்றீங்க' என்கிறாள்" என்று வருத்தப்படுகிறார். நடந்து ஆட ஆசை. ஆனால் முழங்கால் கெட்டுவிடுமோ, களைத்துப்போய் அடிகள் கூடி ஸ்கோர் மோசமாகுமோ, நண்பர்களுக்குத் தாமதமாகுமோ என்று தயக்கம். தெரிந்தவர் ஒருவருக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது வேறு மனதை உறுத்துகிறது. கிளப்பில் வண்டிக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குகிறார்களாம். நடக்கிறேன் என்று கேட்க உரிமை உண்டா என்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: மனைவியும் கூட நடந்து வரலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கலாம். உங்கள் நிலையில் நடப்பதுதான் நல்லது என்றே சொல்வேன். ஆனால் வருகிற சனிக்கிழமையே 18 குழியும் நடந்துவிட வேண்டாம். அதற்கு முன் உங்கள் டாக்டரிடம் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அது முழங்கால் இல்லை, நீங்கள் காலையில் போடும் மாத்திரை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் "ஆறு மணி நேரம்" என்ற கணக்கைப் பார்ப்போம். ஒரு சுற்றில் நீங்கள் 90, 95 அடி அடிப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீச்சு இரண்டு விநாடிகூட ஆகாது. ஒத்திகை வீச்சுகளையும் சேர்த்துக் கூட்டினாலும் பந்தை அடிப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதி நான்கு மணி நேரமும் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் போகிற நேரம். கோல்ஃபில் உடம்புக்குக் கிடைக்கிற நன்மை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீங்கள் அதை வண்டியில் உட்கார்ந்து கழிக்கிறீர்கள்.

மைதானத்தின் நீளம் ஆறு கிலோமீட்டர் அளவில் இருந்தாலும், ஒரு குழியிலிருந்து அடுத்த குழியின் தொடக்கத்துக்குப் போவது, புல்லுக்குள் பந்தைத் தேடுவது எல்லாம் சேர்ந்து, நடந்து ஆடுகிறவர் 8 முதல் 10 கிலோமீட்டர் வரை நடந்துவிடுகிறார். உடலுழைப்பை அளக்க மருத்துவத்தில் மெட் என்று ஒரு அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 1. வண்டியில் போய் கோல்ஃப் ஆடினால் சுமார் 3.5. மட்டைகள் உள்ள பையைச் சக்கரத்தில் வைத்து இழுத்துக்கொண்டு நடந்தால் சுமார் 5.3. ஆக, வண்டியில் ஆடுவது வீண் இல்லை. அதுவும் ஓரளவு உழைப்புதான். டாக்டர் போதாது என்றது, உங்கள் சர்க்கரைக்கு அந்த ஓரளவு போதாது என்ற அர்த்தத்தில்.

அமெரிக்காவில் டென்வரில் நீல் வோல்கடாஃப் என்ற விளையாட்டு அறிவியலாளர் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் கருவி மாட்டிச் செலவாகும் ஆற்றலை அளந்தார். 9 குழிக்கு, பையைத் தோளில் சுமந்து நடந்தால் 721 கலோரி, தள்ளுவண்டியில் பையை வைத்து நடந்தால் 718, பையைக் கேடி எனப்படும் உதவியாள் தூக்கிவர வெறுங்கையோடு நடந்தால் 613, பேட்டரி வண்டியில் போனால் 411. மிகச் சிறிய ஆய்வு அது, எட்டே பேர். அதனால் எண்களை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். சுமப்பதற்கும் தள்ளுவதற்கும் வித்தியாசமே இல்லை. "நடப்பதென்றால் பையையும் சுமந்தால்தான் முழுப் பலன்" என்று எழுதியிருந்தீர்களே, அது தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தோளில் தொங்கவிட்டு நாலு மணி நேரம் நடந்தால் முதுகும் முழங்காலும்தான் வருந்தும். மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இழுத்துவராமல் முன்னால் தள்ளிக்கொண்டு போங்கள்; தோள்பட்டை திருகிக்கொள்ளாது.

சர்க்கரை விஷயத்தில் நடைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தொடையும் கெண்டைக்காலும் உடம்பின் பெரிய தசைகள். அவை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணை இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பின்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 25 கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களை ஒரு நாள் 18 குழி ஆடவைத்து, இன்னொரு நாள் ஆறு கிலோமீட்டர் சாதாரண நடை, மற்றொரு நாள் ஊன்றுகோல்களோடு ஆறு கிலோமீட்டர் நடை என்று ஒப்பிட்டார்கள். வேகம் குறைவாக இருந்தும், ரத்தச் சர்க்கரையிலும் கொழுப்பிலும் கோல்ஃப் நடைக்கே நல்ல மாற்றம் தெரிந்தது. நீண்ட நேரம் நடந்ததுதான் காரணம். "நின்று நின்று நடப்பது கணக்கில் வராது" என்று உங்கள் நண்பர் சொல்கிறாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனம் மூன்று லட்சம் கோல்ஃப் உறுப்பினர்களின் பதிவுகளை ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டது. அதே வயதும் அதே சமூக நிலையும் கொண்ட மற்றவர்களைவிட அவர்களிடம் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு. ஏறத்தாழ ஐந்து வருட ஆயுள் வித்தியாசம். கோல்ஃப் ஆடினால் ஐந்து வருடம் கூடும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரோக்கியமாக இருப்பவர்தான் கோல்ஃப் ஆடவே வருகிறார் என்பதும் அதில் ஒளிந்திருக்கும். தவிர, அங்கே கோல்ஃப் என்றாலே பெரும்பாலும் நடைதான்.

வலிக்குக் காரணம் நடையா?

கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "வலது கைக்காரன் நான், அடித்து முடித்துத் திரும்பும்போது இடது முழங்கால் சுரீர் என்கிறது." யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் வண்டியில்தான் போகிறீர்கள், ஆனாலும் வலி வந்திருக்கிறது. நடந்து வந்த வலி இல்லை அது. வலது கைக்காரர் வீசும்போது உடம்பு முழுதும் இடது காலின் மேல் சுழன்று இறங்குகிறது. பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கால் திருகப்படுகிறது. சமதரையில் நடக்கும்போது அந்த முறுக்கு கிடையாது.

அதற்கு எளிய வழி, நிற்கும்போது இடது பாதத்தின் விரல் பக்கத்தை இலக்கை நோக்கி இருபது முப்பது டிகிரி திருப்பி வைப்பது. முழங்காலில் விழும் சுமை அதனால் குறைகிறது. ஒரு பயிற்சியாளரிடம் போய், "முட்டிக்காக இப்படி நிற்கப் போகிறேன், மற்றதைச் சரிசெய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்துத் தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். ஆரம்பநிலைத் தேய்மானத்துக்கு மூட்டை அசைக்காமல் வைப்பது மருந்து அல்ல, அளவாக நடப்பதுதான் மருந்து. நடந்த அன்று வலி கொஞ்சம் கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. வீக்கம் வந்தாலோ, கால் பூட்டிக்கொண்டாலோ, படியில் இறங்கும்போது நழுவுவதுபோல் இருந்தாலோ நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

காலை மாத்திரைதான் என் கவலை

மெட்ஃபார்மின் மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, நடக்கிறீர்களா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஏழு மணிக்கு இரண்டு இட்லி, மாத்திரை. எட்டு மணிக்கு முதல் குழி. பதினொன்றரை வாக்கில் பதின்மூன்றாவது, பதினான்காவது குழியில் நிற்பீர்கள். தசைகளும் சர்க்கரையை இழுக்கின்றன, மாத்திரையும் இறக்குகிறது. கை லேசாக நடுங்கும், சட்டை நனையும், எளிதான பந்தும் குழிக்கு வெளியே போகும், பக்கத்தில் இருப்பவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஜூலை வெயிலில் இதை வெறும் களைப்பு என்று நினைத்துக்கொள்வது மிகச் சுலபம்.

அதனால் நடக்கத் தொடங்குமுன் டாக்டரிடம், "ஆடுகிற நாளில் இந்த மாத்திரையைக் குறைக்கலாமா, நேரம் மாற்றலாமா, வேறு மருந்துக்குப் போகலாமா" என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம். பி.பி. மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அதையும் அவரிடம் காட்டுங்கள். பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும்தான் எச்சரிக்கும். சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் வகையாக இருந்தால் வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும்.

பையில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். தொடங்குமுன் 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒன்பதாவது குழி முடிந்ததும் ஒரு தடவை பாருங்கள். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது கடையில் விற்கும் மாத்திரையில் நாலு, அல்லது அரை கப் ஜூஸ். 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ஆட்டம் காத்திருக்கட்டும். கேட்டரேட் போன்ற இனிப்புப் பானத்தை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. தாகத்துக்கு அதைக் குடித்தால் நடந்தது வீணாகிவிடும். தாகத்துக்குத் தண்ணீர்தான். பாதி ஆட்டத்தில் வாங்கிச் சாப்பிடும் ஹாட் டாகுக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோகலாம்.

ஆட்டம் முடிந்து கிளப்பில் உட்கார்ந்து பீர் குடிப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். 8 கிலோமீட்டர் நடந்து வந்து, கிளிமிபிரைடு உள்ளே இருக்கும்போது, வெறும் வயிற்றில் மது வேண்டாம். குளுக்கோஸை வெளிவிட வேண்டிய கல்லீரல் மதுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரை இறங்கினால் ஏற்றிவிட ஆள் இருக்காது. மாலையில், ஏன் நடு இரவில்கூட இறங்கலாம். உங்களுக்கு இருக்கும் ஆபத்துகளில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பாதம்

காலை நேரத்தில் பனி படிந்த புல்லில் இரண்டு குழி நடந்தாலே ஷூ நனைந்துவிடும். ஈரக் காலுறை உரசிக் கொப்புளம் வரும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் அது தெரியவே தெரியாது. தண்ணீர் புகாத ஷூ, பையில் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் உட்கார்ந்து விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் பாருங்கள். அப்படியே முழங்கால் பின்புறத்தையும் பாருங்கள். உங்கள் மாநிலத்தில் உயர்ந்த புல்லில் லைம் நோயைப் பரப்பும் உண்ணி உண்டு. பாத உணர்ச்சிப் பரிசோதனை இந்த வருடம் செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

மாரடைப்பு பற்றிய பயம்

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் டென்வரில் 27 குழி ஆடிவிட்டு வந்த இரவு மாரடைப்பு வந்து படுத்தார். மாரடைப்பு என்றால் வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. அவரைப் பார்த்த இதயநோய் மருத்துவர் பால் டட்லி வைட், நடைக்கும் உடலுழைப்புக்கும் வாதாடியவர். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அதிபர் மறுபடி கோல்ஃப் ஆடினார். நடை இதயத்துக்கு எதிரி அல்ல. ஆனால் 57 வயது, சர்க்கரை, பி.பி. மூன்றும் சேர்ந்தவர் திடீரென்று மேடேறி இறங்கும் நடையைத் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்வது அவசியம். ஈசிஜியோ டிரெட்மில் பரிசோதனையோ தேவையா என்று அவர் முடிவு செய்வார். மேட்டில் ஏறும்போது நெஞ்சில் பாரம், தாடை அல்லது கை வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல் இருந்தால் "இந்தக் குழியை முடித்துவிடுவோம்" என்று நினைக்காதீர்கள். உட்காருங்கள், 911 அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வருவதும் உண்டு.

இடியைப் பற்றியும் ஒன்று. "மழை வந்தால் வண்டிக்குள் இருக்கலாம், ரப்பர் சக்கரம் காப்பாற்றும்" என்பது தவறு. பக்கம் திறந்த வண்டி மின்னலிலிருந்து காக்காது. நடந்தாலும் வண்டியில் போனாலும், இடி கேட்டால் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

நண்பர்களும் கிளப்பும்

நடப்பவரால் தாமதம் என்பது பாதி உண்மைதான். வண்டியில் இரண்டு பேர் போனால் முதலில் ஒருவர் பந்துக்கு, அப்புறம் மற்றவர் பந்துக்கு என்று குறுக்கும் நெடுக்கும் போக வேண்டும். நடப்பவர் நேராகத் தன் பந்துக்கே போவார். ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று கோல்ஃப் விதியே பரிந்துரைக்கிறது. அதைக் கடைப்பிடித்தால் நால்வரில் ஒருவர் நடப்பதால் ஆட்டம் அவ்வளவாக நீளாது. குழிகளுக்கு இடையே தூரம் அதிகமான, வீட்டு மனைகளுக்கு நடுவே அமைந்த மைதானம் என்றால் மட்டும் நண்பர்கள் சொல்வது சரி. அங்கே அந்த இடைத்தூரத்துக்கு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. பையை நண்பர் வண்டியில் போட்டுவிட்டு நீங்கள் மட்டும் நடப்பதும் நல்ல ஏற்பாடுதான்.

ஸ்கோர் பற்றிக் கவலை வேண்டாம். டென்வர் ஆய்வில் தள்ளுவண்டியோடு நடந்தபோதுதான் சராசரி ஸ்கோர் மிக நன்றாக இருந்தது. பந்தை நோக்கி நடந்து வரும்போதே காற்றையும் சரிவையும் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி நாலு குழியில் களைப்பு தெரியத்தான் செய்யும். ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும்.

கிளப் உரிமை பற்றி நான் சட்டம் படித்தவனாகப் பேசவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். கால் நோய் இருந்த கேசி மார்ட்டின் என்ற தொழில்முறை வீரர், போட்டியில் வண்டி வேண்டும் என்று வழக்குப் போட்டு, 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார். நடக்க முடியாதவருக்கு வண்டி என்பது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்தது. "என்னை நடக்க விடுங்கள்" என்பது அப்படி இல்லை, பெரும்பாலும் அந்தந்த கிளப்பின் விதி. ஆகவே சண்டைக்குப் போகாமல் கேளுங்கள். சனிக்கிழமை காலை கூட்ட நேரத்தில் மறுக்கும் இடங்கள்கூட மதியத்துக்கு மேல் நடக்க விடுவதுண்டு. கவுண்டி நடத்தும் பொது மைதானங்களில் நடப்பது சாதாரணம், வண்டிக் கட்டணமும் மிச்சம். உங்களுக்கு எட்டும் தூரத்தில் லாங் ஐலண்டில் இருக்கும் பெத்பேஜ் பிளாக், 2002இல் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த பொது மைதானம். அங்கே எல்லோரும் நடந்துதான் ஆட வேண்டும். மிகக் கடினமான மைதானம், நீங்கள் அங்கே போய்த் தொடங்க வேண்டாம். நடந்து ஆடுவது விசித்திரமான ஆசை இல்லை என்று நண்பர்களிடம் காட்டத்தான் சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது

டாக்டர் சம்மதித்ததும் முதல் மாதம் புதன்கிழமை 9 குழி மட்டும் நடங்கள். சனிக்கிழமை பழையபடி வண்டி. இரண்டாவது மாதம் சனிக்கிழமை முதல் 9 குழி நடை, மீதி வண்டி. முழங்காலும் சர்க்கரையும் ஒத்துழைத்தால் மூன்றாவது மாதம் முழுச் சுற்று.

இதோடு வாரக் கணக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒரு நாள் நடையால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஒன்றிரண்டு நாள்தான் நீடிக்கும். சனிக்கிழமை நடந்தது திங்களுக்குள் கரைந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடக்காமல் இருக்கக் கூடாது. மற்ற நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம், அரை மணி என்று தெருவில் நடந்தாலும் சரி. எடை இதனால் மட்டும் குறைந்துவிடாது. அதற்குத் தட்டில் சோறு குறைய வேண்டும், அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மனைவி கூட நடந்து வருவது ரொம்ப நல்லது. ஆடாதவர் உடன் நடக்கப் பல மைதானங்களில் அனுமதிப்பார்கள். சிலவற்றில் சிறு கட்டணம், சிலவற்றில் கிடையாது. மைதானத்துக் கடையிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். பந்து வரும் திசையில் முன்னால் போகாமல், அடிப்பவருக்குப் பின்னால் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். புதன்கிழமை மாலை 9 குழி இதற்குத் தோதான நேரம். குளுக்கோஸ் மாத்திரை ஒரு டப்பா அவர் கைப்பையிலும் இருக்கட்டும். உங்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது உங்களைவிட முன்பாக அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர்தான். அவர் "உட்காருங்க" என்றால், பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டர்' மட்டை கையில் இருந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள்.